மாநாடுகளும் காற்கூறு கேள்வியும்

ஒரு கலையார், ஒரு தொழிலார், ஒரு சமயத்தார் ஆண்டுக்கொருமுறை ஓரிடத்துக் கூடித் தம்முட் பேசிப் பிரிதலை மாநாடு என்கின்றோம். சைவர் கூடுகின்றனர், தமிழாசிரியர் கூடுகின்றனர், இசைவாணரும் மருத்துவரும் பொறியாளரும் கூடுகின்றனர். கூடுதல் நன்றே. தனித்துக் கற்பான் தன் பிழையைத் தானே காண்டல் அரிது; பலரொடு கூடியவழி அப்பிழை எளிதிற் புலனாகும். ஆயினும், கூடியவழிக் கற்றல் நிகழ்கின்றதா என்பது வேறு வினா. அவ்வினாவை விழாவின் ஆரவாரத்தினிடையே எழுப்புவார் இலர். பந்தல் எத்துணை நீளம், வந்தவர் எத்துணையர், மலர் எத்துணைப் பக்கம் என்பன கொண்டே மாநாட்டின் வெற்றி அளக்கப்படுகின்றது. வந்தவர் எதனைக் கற்று மீண்டனர் என்பது அளக்கப்படுவதில்லை. இவ்வளவை குற்றமுடைத்து என்பதும், குற்றமற்ற அளவை நம் முன்னோர் நூல்களிலேயே உளது என்பதும் இவ்வுரையாற் காட்டப்படும்.

அளவை யாது?

பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்துள் ஒருவன் கல்வி நிரம்பும் முறையை நான்கு கூறாக வகுத்துக் காட்டினர். ஆசிரியன் உரைத்ததனைக் குறைவின்றி ஏற்றுக்கொண்ட மாணாக்கனும் காற்கூறே பெற்றவனாவான். தன்னொத்த மாணாக்கரோடு பயிலுதலால் மற்றொரு காற்கூறு வந்தெய்தும். எஞ்சிய இரண்டு கூறும், தான் கற்றதனைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைக்குமிடத்தே நிரம்பும். எனவே எத்துணைச் சிறந்த நாவலர் பேசினும், எத்துணைக் கூர்த்த செவியோடு கேட்பினும், கேள்வி மட்டிற் பெறுவது நான்கில் ஒன்றே என்பது பெறப்பட்டது.

சிவஞானசித்தியாரும் ஞானத்தைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என நான்காக வகுத்தது. நிட்டை மாநாட்டின் எல்லைக்கு அப்பாற்பட்டதாதலின் அதனை ஈண்டு எடுத்திலம். ஏனை மூன்றனுள் கேட்டல் ஒன்றற்கே இடமளித்துச் சிந்தித்தற்கும் தெளிதற்கும் இடமளியாத கூட்டம் முதற்படியிலேயே நின்றுவிட்ட கூட்டமாம்.

இக்காலக் கூட்டங்களின் நிலை

இவ்வளவை கொண்டு இக்கால மாநாடொன்றன் நிகழ்ச்சி நிரலை ஆராய்வாம். காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை 7 மணி நேரம், அஃதாவது 420 நிமிடம் என்று வைத்துக்கொள்க. உணவிற்கும் சிற்றுண்டிக்கும் 90 நிமிடம் கழியும். விளக்கேற்றல், கடவுள் வணக்கம், வரவேற்பு, வாழ்த்து, பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை என்பவற்றிற்கு மற்றுமொரு 90 நிமிடம் கழியும். எஞ்சியது 240 நிமிடம். அதனுள் 24 பேர்க்குக் கட்டுரை படிக்க இசைவளிப்பின் ஒருவர்க்கு 10 நிமிடம் வரும். வினாவிற்கு எஞ்சியது ஒன்றுமில்லை. இருபத்து நால்வரும் இருபத்து நான்கு பொருளைத் தொடுவர். ஒருவர் கூற்றை மற்றொருவர் மறுக்கவும் மாட்டார், தழுவவும் மாட்டார். முதல்வர் பேசியதனை மூன்றாமவர் மறப்பிக்க, மூன்றாமவர் பேசியதனை உணவு மறப்பிக்கும்.

விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் போன்றதோர் ஊரில் மாலைதோறும் பிள்ளைகளுக்குத் திருமுறையும் திருவருட்பயனும் பயிற்றும் ஆசிரியர் ஒருவர், இத்தகைய மாநாடொன்றற்குத் தம் கைப்பொருள் செலவிட்டுச் சிதம்பரத்திற்குச் செல்வதாகக் கருதிப் பார்ப்போம். அவர்க்கு ஓர் ஐயம் உண்டு. ஆணவ இருள் அநாதி என்றும் அழிவில்லாதது என்றும் கூறுகின்றோமே, அழியாததனின்றும் உயிர் விடுபடுவது எங்ஙனம் என்று பாடத்தில் ஒரு சிறுவன் வினாவினான். மலம் அழியாது, அதன் சத்தியே மடங்கும் என்று அவர் விடை கூறினார். செம்பையும் களிம்பையும் உவமையாகக் காட்டினார். சிறுவன் தலையசைத்தான், ஆயினும் அவன் முகத்தில் தெளிவு காணப்படவில்லை. சத்தி மடங்கிய மலம் மீண்டும் எழாதென்பதற்கு ஏது யாது என்று அவ்வாசிரியர்க்கே ஐயம் பிறந்தது. சித்தாந்தம் வல்லார் பலர் ஒருங்கிருக்கும் இடத்தே அதனைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று அவர் வந்தார். காலை முதல் மாலை வரை இருந்தார். மேடைமீதிருந்தோர் வல்லுநரே, அவருள் எவரும் அவ்வையத்தை நொடியில் தீர்த்தல் கூடும். ஆயினும் அதனை வெளியிடுதற்குரிய ஒரு நிமிடம் நிகழ்ச்சி நிரலுள் இல்லை. துணிப்பையும் மலரும் கொண்டு அவர் ஊர் மீண்டார். சென்ற ஐயம் சென்றவாறே உடன் மீண்டது. அச்சிறுவன் மறுமுறை வினாவும்போது அவர் யாது சொல்வார்? வினாவுதலையே அடக்கிவிடுவாரோ எனின், அதுவும் நிகழ்தல் கூடும். அங்ஙனம் நிகழின், ஓர் ஊரில் ஒரு தலைமுறையின் சித்தாந்தக் கல்வி ஆங்கே தடைப்பட்டதாம். மாநாட்டு ஒழுங்கின் குறை ஒரு நாட் குறையன்று என்பது இதனாற் போதரும்.

முன்னோர் நெறி

நம் சந்தானாசாரியர் ஐயத்தை இங்ஙனம் வாயிலில் நிறுத்தினாரல்லர். அதனையே நூலின் வாயிலாகக் கொண்டனர். திருவதிகை மனவாசகங் கடந்தார் அருளிய உண்மைவிளக்கம் மாணாக்கன் வினாவும் ஆசிரியர் விடையுமாகவே செல்வது. அருணந்தி சிவாசாரியர் இருபா இருபஃதில் தம் ஆசிரியராகிய மெய்கண்டாரை நோக்கி வினாக்களை அடுக்குகின்றார். கொற்றவன்குடி உமாபதி சிவாசாரியர் தம் நூலொன்றற்கு வினாவெண்பா என்றே பெயரிட்டனர். சிவஞானபோதத்துச் சூத்திரம் ஒவ்வொன்றும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் உறுப்புக்களால் விரிக்கப்படுகின்றது. மேற்கோளை மட்டும் கூறிவிட்டு மேடையினின்றிறங்குதல் மெய்கண்டார் மரபன்று. சித்தியார்ப் பரபக்கமோ எதிர்பக்கத்தார் கூற்றை முதற்கண் அவர் வாய்மொழி போலவே நிறுத்திப் பின்னரே மறுக்கின்றது. நடுநாட்டிலும் தில்லையிலும் தழைத்த இந்நூல்களின் அமைப்பே ஓர் அவையை எங்ஙனம் நடத்துதல் வேண்டும் என்பதற்கு இலக்கணமாகும்.

பெருங்கூட்டத்திலும் ஆழ்ந்த கேள்வி இயலும் என்பதற்குத் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தே நிகழ்ந்த திருத்தொண்டர் புராண அரங்கேற்றம் சான்று. சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி அடுத்த சித்திரைத் திருவாதிரையில் நிறைவெய்தியது என்பது சேக்கிழார் வரலாறு. அவை பெரிது, நூல் ஒன்று, காலம் ஓர் ஆண்டு. இக்காலத்து மாநாடுகளோ இதனைத் தலைகீழாக்கி, ஒரு நாளில் இருபது பொருளை முடிக்க முயல்கின்றன.

காலம் மாறியமை

முன்னைய மாநாடுகளும் சொற்பொழிவுகளால் நிறைந்தனவே, அவை பயன்படவில்லையோ எனின், கூறுதும். 1905-இல் மறைமலையடிகள் முயற்சியால் சைவ சித்தாந்த மகா சமாசம் தோன்றியது. அதன் முதல் ஆண்டு மாநாடு 1906-இல் சிதம்பரத்தில் பொன்னம்பலம் இராமநாதன் தலைமையிற் கூடியது. அக்காலத்துச் சித்தாந்த நூல்களின் நல்ல பதிப்புக்கள் அரியன. வல்லார் உரையைக் கேட்டற்கு நேரிற் செல்லுதலன்றி வேறு வழியில்லை. ஆதலின் கேள்வி ஒன்றே பெரும்பேறாயிருந்தது. இந்நாளில் சொற்பொழிவைக் கைப்பேசியில் வீட்டுத் திண்ணையிலிருந்தே கேட்கலாம். விளங்காத இடத்தை மறுமுறையும் கேட்கலாம். காற்கூறு வீட்டிலேயே கிடைக்கும்போது, அக்காற்கூற்றையே பெறுதற்கு ஒருவன் பேருந்தேறிச் சிதம்பரம் செல்லுதல் எற்றுக்கு? நேரிற் கூடினாலன்றிக் கிடையாதன உடன்பயிலுதலும் எடுத்துரைத்தலுமே. இக்கால மாநாட்டுக்கு உரிய பொருள் அம்முக்காற் கூறே என்க.

உலகத் தமிழ் மாநாடுகள்

ஆராய்ச்சி மாநாடுகளின் வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. 1964-இல் புதுதில்லியிற் கீழ்த்திசையறிஞர் பேரவை கூடியபோது, தனிநாயக அடிகள் முதலியோர் முயற்சியால் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தோன்றியது. அதன் முதல் மாநாடு 1966-இல் கோலாலம்பூரிலும், இரண்டாவது 1968-இல் சென்னையிலும், மூன்றாவது 1970-இல் பாரிசிலும் நடைபெற்றன. சென்னை மாநாட்டில் ஆராய்ச்சி அமர்வுகளோடு ஊர்வலமும் பொதுவிழாவும் சேர்ந்தன. கடற்கரையில் தமிழ்ப் புலவர் சிலைகள் நிறுவப்பெற்றன. பொதுமக்கள் மொழிப்பற்றுக் கொண்டு எழுந்தமை பெரும்பயனே. அதனை யாம் இகழ்ந்திலம். ஆயினும் ஆராய்ச்சியும் விழாவும் ஒரு பந்தரின்கீழ் நிற்குமிடத்து, விழாவின் நாட்கணக்கே ஆராய்ச்சியின் நாட்கணக்காகிவிடும் இடர் உண்டு.

2010 சூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றது. அஃது அம்மன்றத்தின் மாநாடாக அமையவில்லை. அந்நாளில் மன்றத் தலைவராயிருந்த சப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராசிமா, ஆய்வாளர் தக்க கட்டுரை ஆயத்தஞ் செய்தற்கு ஓராண்டுக் காலமேனும் வேண்டும் என்று கருதியமை அதற்கு ஒரு காரணம். மாநாட்டை நடத்தியோர் ஊக்கத்தையும் உழைப்பையும் யாம் மறுத்திலம். கராசிமா எழுப்பிய வினாவோ எல்லா மாநாட்டிற்கும் பொது. பந்தல் சில வாரங்களில் எழும். விடுதி அதனினும் விரைவில் அமையும். ஆராய்ச்சி அவ்வாறு எழாது. ஆயத்தத்திற்குரிய காலத்தைக் கொடாது கட்டுரை கேட்பவர், பழைய கட்டுரையைப் புதிய தாளிற் பெறுவர்.

பயன்பட்ட அவைகள்

குறையே கூறி நிற்றல் ஆராய்ச்சியாகாது. தமிழ்நாட்டிலேயே கற்றல் நிகழ்ந்த அவைகள் உள. அவற்றுள் இசையவைகள் தலையாயன. இசையிற் சொல்லைப் பாடிக் காட்டாது மெய்ப்பித்தல் இயலாதாகலின்.

தஞ்சையில் மருத்துவராயிருந்த ஆபிரகாம் பண்டிதர் 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவித் தம் பொருள் செலவிட்டு இசைவாணரைத் தஞ்சைக்கு அழைத்து மாநாடுகள் நடத்தினர். சுருதிகள் எத்துணை என்பதே அவர் எடுத்துக்கொண்ட பெருவினா. இருபத்திரண்டு என்னும் கொள்கையை மறுத்து இருபத்துநான்கு என்று அவர் நாட்டினார். 1916-இல் பரோடாவிற் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் தம் கருத்தைச் சொல்லால் மட்டுமன்றி, தம் புதல்வியர் வீணை வாசித்துக் காட்டவும் நிறுவ முயன்றனர். அவர் முடிபை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். அஃது ஈண்டைக்கு வேண்டா. ஒரே வினா, பல கூட்டம், கருவியால் சோதனை என்னும் முறையே கொள்ளத்தக்கது. அவ்வாராய்ச்சி 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலாக வெளிவந்தது.

1927-இல் சென்னையிற் காங்கிரசு மாநாட்டோடு கூடிய இசை மாநாட்டினின்றும் 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றியது. அதன் ஆண்டு மாநாட்டிற் காலைநேரம் வல்லுநர் ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்டது. இராக இலக்கணங்களை வித்துவான்களும் நூலறிஞரும் ஒருங்கிருந்து ஆராய்ந்தனர். நிகழ்ந்த வாதங்கள் 1930 முதல் அதன் இதழிற் பதியப்பெற்றன. பதிவின்றேல் அடுத்த ஆண்டு அதே வாதம் முதலினின்றும் தொடங்கும்.

சைவர்க்கு இன்னும் அணித்தாகிய சான்று பண்ணாராய்ச்சி. 1941-இல் அண்ணாமலைநகரிற் கூடிய தமிழிசை மாநாட்டினின்றும் வளர்ந்த இயக்கம் 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கமாயிற்று. அச்சங்கம் 1949 முதலாகத் தேவாரப் பண்களை ஆராயும் கூட்டங்களை ஆண்டுதோறும் நடத்தத் தொடங்கியது. ஓதுவார் மரபிற் கௌசிகம் பைரவியாகவும், தக்கேசி காம்போதியாகவும், புறநீர்மை பூபாளமாகவும் பாடப்பெறுகின்றன. இம்மரபு எவ்வளவிற் பழைமையுடையது, எங்கே மாறுபடுகின்றது என்பதனைத் தனியே இருந்து ஏடு புரட்டும் புலவரால் முடிவு செய்யலாகாது. பாட மட்டும் வல்ல ஓதுவாராலும் ஆகாது. இருவரும் ஒருங்கிருத்தல் வேண்டும். ஓதுவார் பாட, இசையறிஞர் வினாவ, பிறிதொரு மரபினர் தம் பாடத்தைப் பாடிக் காட்ட, அவை ஒப்புநோக்கித் துணிதல் வேண்டும். மாநாடு என்பது இருத்தற்குரிய நியாயம் இதுவே. பேராசிரியரும் ஓதுவாரும் அங்கே ஒருவர்க்கொருவர் ஆசிரியரும் மாணாக்கருமாயினர்.

பிறநாட்டாரும் இவ்வுண்மையைக் கண்டனர். 1911-இல் பிரசெல்சில் லோரன்சு தலைமையிற் கூடிய சால்வே மாநாட்டிற்குச் சிலரே அழைக்கப்பட்டனர். அறிக்கைகள் முன்னரே ஆயத்தஞ் செய்யப்பட்டன. கூடியபோது பெரிதும் நிகழ்ந்தது உரையாடலே. அமெரிக்காவில் 1931-இல் தொடங்கிய கார்டன் ஆராய்ச்சி மாநாடுகளிற் காலையும் மாலையும் அமர்வுக்குரியன. நண்பகலுக்குப் பிற்பட்ட பொழுது விடுத்து வைக்கப்படும். அவ்விடைப்பொழுதிற் பிறக்கும் பேச்சும் கல்வியே என்று அவர் கருதினர்.

தடையும் விடையும்

இவற்றிற்குச் சில தடைகள் எழுதல் கூடும். சமயம் பரவுதற்குப் பெருங்கூட்டம் வேண்டும் என்பர் சிலர். வேண்டும். அது விழா. விழாவை விழாவென்றே பெயரிட்டு நடத்துக. கற்கும் அவையை வேறாக நடத்துக. இரண்டனையும் ஒரு நாளிற் கலப்பின் விழாவும் சுருங்கும், கல்வியும் சுருங்கும்.

பொருளுதவியோரையும் முதியோரையும் மேடையேற்றாவிடின் மனங்கோணுவர் என்பர் வேறு சிலர். நன்கொடையாளர் பெயரை வாயிலிற் பொறித்து வைக்கலாம். முதியோர்க்குப் பத்து நிமிடம் கொடுத்துப் பாதியிற் சீட்டனுப்பி நிறுத்துதல் சிறப்பாகுமா? அவரைச் சுற்றிப் பத்துப்பேர் அமர்ந்து ஒரு மணி நேரம் வினாவுதலன்றோ சிறப்பு?

பொதுமக்கள் வினாவத் தயங்குவர் என்பர் பின்னும் சிலர். ஆயிரவர் முன்னிலையில் ஒலிபெருக்கியைக் கையிற் கொடுத்து வினாவுக எனின் வல்லவரும் தயங்குவர். பத்துப்பேர் நடுவே பதினொருவராய் இருந்தால் எவரும் வாய் திறப்பர். குறை மக்கட்கன்று, இருக்கைக்கே.

வாதம் பூசலாய் முடியும் என்பது இறுதித் தடை. எதிர்பக்கத்தார் கூற்றை அவர் உடன்படும்வண்ணம் எடுத்துச் சொல்லிய பின்னரே மறுக்கலாம் என்னும் பரபக்க நெறியை விதியாக வைத்தால் பூசலிற் பெரும்பகுதி ஒழியும். பிறர் கருத்தை அங்ஙனம் எடுத்துச் சொல்ல முயல்வோன் பலகாலும் தன் மறுப்பைத் தானே திருத்திக்கொள்வான்.

செய்யத்தக்கன

இனி, செயலளவிற் கூறுதும். கம்மாபுரத்தையே இடமாகக் கருதுக. விருத்தாசலமாகிய திருமுதுகுன்றமும் பெண்ணாகடமும் அயலிலுள்ள நாடு அது. முதுகுன்றத் திருக்கோயிலில் இருபத்தெட்டு ஆகமங்களின் பெயரால் இருபத்தெட்டு இலிங்கங்கள் உள. பெண்ணாகடமோ மெய்கண்டார் தந்தையார் அச்சுத களப்பாளர் ஊர். மறைஞானசம்பந்தர்க்கும் உரிய ஊர். சித்தாந்தம் பயிற்றும் ஆசிரியர் அறுபதின்மர் இரண்டு நாள் இங்கே கூடுவதாக வைத்துக்கொள்வாம்.

முதலாவது, பொருள் ஒன்றாதல் வேண்டும். ஆணவமலத்தின் இயல்பு என்னும் ஒன்றே இரண்டு நாட்கும் போதும். இரண்டாவது, பாடப்பகுதி மூன்று திங்கள் முன்னரே அனைவர்க்கும் சென்றடைதல் வேண்டும். ஒவ்வொருவரும் தம் ஐயம் ஒன்றனை எழுதி ஒரு திங்கள் முன்னரே விடுத்தல் வேண்டும். ஐயம் எழுதுவதே நுழைவுக் கட்டணமாகுக. அமைப்பாளர் அவ்வையங்களை வகைப்படுத்தி அவற்றிற்கேற்பப் பேசுவாரைத் தேர்தல் வேண்டும். பேசுவாரைத் தேர்ந்து பின் பொருள் தேடுதல் முறையன்று.

மூன்றாவது, முதல்நாட் காலையில் இரண்டு சொற்பொழிவே அமைக. ஒவ்வொன்றும் முக்கால் மணி. அதனையடுத்து அதே அளவு நேரம் வினாவிற்கு. நான்காவது, பிற்பகலில் அறுபதின்மரும் பதின்மர் பதின்மராக ஆறு குழுவாய்ப் பிரிந்து, வல்லார் ஒருவரோடு அமர்ந்து, தாம் விடுத்த ஐயங்களை ஆராய்க. மேடையும் ஒலிபெருக்கியும் ஆண்டு வேண்டா. ஐந்தாவது, இரண்டாம் நாட் காலையில் ஒவ்வொருவரும் தம் குழுவினரை மாணாக்கராகக் கருதி, அப்பொருளைப் பத்து நிமிடம் பயிற்றிக் காட்டுக. ஏனையோர் சிறுவர் வினாவுமாறே வினாவுக. செம்பு களிம்பு உவமை எவ்விடத்துப் பொருந்தும், எவ்விடத்துப் பொருந்தாது என்பது அப்போது வெளிப்படும். ஆறாவது, தீர்ந்த ஐயங்களும் தீராதனவும் வேறுவேறாக எழுதப்பெற்று ஒரு திங்களுள் அனைவர்க்கும் செல்லுதல் வேண்டும். தீராதனவே அடுத்த ஆண்டின் பொருளாகும்.

ஏழாவதே தலையாயது. ஊர் மீண்ட ஒவ்வொருவரும் தாம் கற்றதனைத் தம் ஊரில் ஒருமுறையேனும் எடுத்துரைத்து, என்ன வினா எழுந்தது, என்ன விடை கூறினேன் என்று இரண்டு வரி எழுதி அமைப்பாளர்க்கு விடுத்தல் வேண்டும். அறுபதின்மருள் நாற்பதின்மர் எழுதினும் மாநாடு நாற்பது ஊர்களிற் தொடர்ந்ததாம். பவணந்தியார் கூறிய அரைக்கூறு ஆங்கேதான் நிரம்பும்.

இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. பந்தலும் பொன்னாடையும் மலரும் குறையுமாதலின் செலவு சுருங்கவே செய்யும். வேண்டுவது அமைப்பாளர்தம் முன்னுழைப்பு. நூறு பேர்க்கு அழைப்பிதழ் விடுத்தல் எளிது. அறுபது ஐயங்களைப் படித்து வகைப்படுத்தல் அரிது. அவ்வரிய தொண்டைச் செய்வார் அவையில் முகங்காட்டாது பின்னே நிற்பர். அவரே மாநாட்டின் உண்மைத் தலைவர்.

மாநாடு கூட்டும் சபையார் அடுத்த ஆண்டறிக்கையில் ஒரு வரி சேர்ப்பாராக: எத்துணை ஐயம் வந்தன, எத்துணை தீர்ந்தன, எத்துணை ஊரில் எடுத்துரைக்கப்பட்டன என்று. அவ்வரி எழுதக்கூடியதாயின், கைப்பொருள் செலவிட்டு வந்த ஆசிரியரும், ஊரில் அவர் வரவு நோக்கியிருக்கும் சிறுவனும் ஏமாற்றமடையார்.